சுங்குடித் துணி வைத்த கண்ணாடி டாலர்: எந்தப் பசை நிற்கும்?

மஹால் சுங்குடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரையில் மஹால் பக்கம் இருக்கிறேன். எங்கள் சித்தி வீட்டில் இன்றும் கையால் முடிச்சுப் போட்டுத்தான் சுங்குடி செய்கிறார்கள். ஓரம் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போட மனசு வராமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். அடி தட்டையாகவும் மேலே குவிந்தும் இருக்கும் கண்ணாடிக் குமிழ் கிடைக்கிறது இல்லையா, அதன் கீழே ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ தெரிகிற மாதிரி துணியை வைத்து, பித்தளைத் தட்டிலோ கறுப்புப் பூச்சு ஏற்றிய ஆக்சிடைஸ்டு தட்டிலோ பதித்து டாலராக விற்கிறேன். 25 மி.மீ. வட்டம்தான் அதிகம் போகிறது. கண்ணாடி அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும். முடிச்சு அவிழ்த்த இடத்தில் நூல் சுருங்கி நிற்பதுகூடத் தெரியும். அச்சடித்த துணியில் அது வரவே வராது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் நன்றாக விற்றது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. முதலில் ஒட்டியது உடனே பிடிக்கும் ஒற்றைச் சொட்டுப் பசை. அதில் சில டாலர்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. துணியில் பசை இறங்கிய இடம் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரிந்தது. அப்புறம் இரண்டு ட்யூப்பைக் கலக்கும் ஐந்து நிமிட எபாக்சிக்கு மாறினேன். அது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் சில கண்ணாடிகள் தட்டில் நகர்ந்து கிடக்கின்றன. ஒரு வாடிக்கையாளர் கோயில் கூட்டத்தில் கண்ணாடி மட்டும் கழன்று விழுந்துவிட்டது என்று வெறும் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சித்தி போட்ட முடிச்சு அது.

வியர்வை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், செண்ட் எல்லாம் படுகிற நகை. வெயிலும் நம் ஊர் வெயில். இதற்குச் சரியான பசை எது? உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைத் தோடாக்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லாபுரம் கைவினை:

நான் சின்னக் கற்கள் வைத்த கம்மல், மோதிரம் செய்கிறேன். ஒற்றைச் சொட்டுப் பசைதான். எனக்குப் பெரிய தொந்தரவு வந்ததில்லை. வேலையும் சீக்கிரம் முடியும். ஒட்டிய பிறகு மூடி வைக்காமல் ஃபேன் காற்றில் விட்டால் வெள்ளைப் புகை அவ்வளவாகப் படியாது. அதை மட்டும் செய்து பாருங்கள்.

திருநகர் கண்ணாடி:

பசையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் மா. திரும்பி வந்தவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது? கண்ணாடியிலா, துணியிலா, தட்டிலா, இரண்டு பக்கமுமா? நகத்தால் கீறினால் பசை எப்படி இருக்கிறது? இதைச் சொல்லுங்கள், மற்றதை நான் சொல்கிறேன். இதைப் பார்க்காமல் பசையை மாற்றிக்கொண்டே போனால் காசுதான் கரையும்.

மஹால் சுங்குடி:

எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கிறது அக்கா. இப்போதுதான் பிரித்து வைத்துப் பார்த்தேன். ஆக்சிடைஸ்டு தட்டு எல்லாவற்றிலும் ஒரே கதை: பசை துணியின் முதுகிலேயே இருக்கிறது, அதன்மேல் கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. தட்டு அந்த இடத்தில் வெளுத்துவிட்டது. பித்தளையில் ஒற்றைச் சொட்டு போட்டவற்றில் கண்ணாடி பளிச்சென்று தனியாக வந்திருக்கிறது, பசை முழுக்கத் துணியில். ஐந்து நிமிடப் பசை போட்டு நகர்ந்தவற்றில் இரண்டு பக்கமும் பசை இருக்கிறது. நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுகிறது.

திருநகர் கண்ணாடி:

ரொம்ப நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு. ஒரே பசையால் மூன்றும் தீராது.

முதலில் ஆக்சிடைஸ்டு தட்டு. அங்கே பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. உரிந்தது தட்டின் கறுப்புப் பூச்சு. பசை எதைத் தொடுகிறதோ அதைத்தான் பிடிக்கும். அந்தப் பூச்சு உலோகத்தை விட்டால் பசையும் கூடவே போகும். தட்டின் அடிப்பகுதியை மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். வெளியே தெரிகிற விளிம்பைத் தொடவேண்டாம், கறுப்பு அங்கேதானே அழகு. பித்தளைத் தட்டையும் சும்மா விடாதீர்கள். கறுக்காமல் இருக்க அதன்மேல் லாக்கர் என்கிற தெளிவான பூச்சு அடித்திருப்பது வழக்கம். அதுவும் இப்படித்தான் ஒருநாள் உரியும்.

இரண்டாவது, கண்ணாடி சுத்தமாகக் கழன்று வந்தது. ஒற்றைச் சொட்டுப் பசை சயனோஅக்ரிலேட் வகை. பரப்பில் இருக்கிற ஈரத்தைப் பிடித்து இறுகுவது அதன் குணம். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் காரத்தன்மை அதை இன்னும் வேகமாக இறுக்கிவிடும். அப்படி அவசரமாக இறுகியது இழுவிசையோடு நொறுங்கும் தன்மையாக நிற்கும். வியர்வையும் ஈரமும் ஓரத்தில் இருந்து உள்ளே போகப் போகக் கண்ணாடியை விட்டுவிடும். வெள்ளைப் புகை என்பது அந்தப் பசையின் ஆவி திரும்பப் படிவதுதான்.

வில்லாபுரத்துச் சகோதரி சொல்வதும் சரிதான், சின்னக் கல்லுக்கு அது தாங்கும். காரணம் இருக்கிறது. சூடு ஏறினால் பித்தளை கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 25 மி.மீ. வட்டம், 40 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் இரண்டுக்கும் நடுவே சுமார் 0.01 மி.மீ. இழுபறி. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் ஏ.சி. கடைக்குள் போய் வெயிலுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த இழுபறி ஓரத்தில் இருக்கும் பசைமேல்தான் விழுகிறது. வளையாத பசை அங்கே விரிசல் விடும். 4 மி.மீ. கல்லில் அதே கணக்கு ஆறில் ஒரு பங்குதான் வரும். அலுமினியத் தட்டாக இருந்தால் பித்தளையைவிட மோசம், அது இன்னும் விரியும்.

மூன்றாவது, நகம் இறங்குகிற எபாக்சி. இரண்டு ட்யூப்பில் இருக்கும் ரெசினும் (பசை) ஹார்டனரும் (அதை இறுக்குவது) சரிபாதி இல்லாமல் போனாலோ, சரியாகக் கலக்காவிட்டாலோ அப்படித்தான் நிற்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மே மாதம் 40 டிகிரியில் ஐந்து நிமிடப் பசை ஐந்து நிமிடம் காத்திருக்காது. கலந்து, துணியை நேராக்கி, கண்ணாடியை வைப்பதற்குள் அது கெட்டியாகத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் அது பரப்பை நனைக்காது, மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சரியாகக் கலந்தாலும் ஐந்து நிமிட வகை சூட்டில் சீக்கிரம் இளகும், ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. மூடிய ஸ்கூட்டர் பெட்டி அதற்குப் பெரிய சோதனை.

ஆகவே என் யோசனை இது. தட்டோடு சேரும் அடிப்பக்கத்துக்கு மெதுவாக இறுகும் எபாக்சி. அரால்டைட் ஸ்டாண்டர்டு போல, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இரட்டை ட்யூப் போதும். இரண்டிலும் சம நீளம் பிதுக்கி, பல்குச்சியால் நிறம் ஒன்றாகும்வரை நிதானமாகக் கலக்குங்கள். இராத்திரி முழுக்க அசைக்காதீர்கள். விற்பனைக்கு எடுக்க மூன்று நாளாவது போகட்டும். பசை கெட்டியான அடுக்காக இருக்கக் கூடாது, முற்றிலும் பிதுங்கி வெளியேறவும் கூடாது. 0.05 முதல் 0.10 மி.மீ. வரை உள்ள படலம்தான் அதிக பலம் தரும். அதனால் துணி கிளிப் போட்டு இறுக்க வேண்டாம், விரலால் அழுத்தி வைத்தாலே போதும்.

அந்தப் பசை தேன் நிறம். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே போட்டால் சுங்குடியின் வெள்ளைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அது அடிக்கு மட்டும். முன்பக்கத்துக்கு வேறு வழி வேண்டும், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

துடைப்பதில் கவனம். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். துடைத்ததும் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். துடைத்த கண்ணாடியை ஓரத்தைப் பிடித்து மட்டுமே எடுங்கள். எபாக்சி ஹார்டனர் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த வேலையே செய்ய முடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை போடாமல் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மீன் தொட்டி ஒட்டும் சிலிகானை யாராவது சொன்னால் நிதானியுங்கள். புளித்த காடி வாசம் அடிக்கும் வகை இறுகும்போது அமிலத்தை விடும். பித்தளை பச்சையாகும், பின்னால் பாதரசம் பூசிய மாதிரி மினுக்கும் கற்களின் பூச்சும் அரிக்கும்.

செல்போன் சர்வீஸ் தம்பி:

முன்பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். டிஸ்ப்ளே ஒட்டுவது என் தொழில். கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவதுதான் எங்கள் அன்றாட வேலை.

எல்லா சர்வீஸ் கடையிலும் இருப்பது பி-7000 என்கிற பசை. தெளிவாக இருக்கும், காய்ந்தபின் ரப்பர் போல வளையும். அக்கா சொன்ன விரிவு வித்தியாசத்தை அது தாங்கும். ஆனால் அதன் கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் அது இறுகும். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் உலோகம் என்றால் ஆவி போக ஓரம் மட்டும்தான் வழி. 25 மி.மீ. வட்டத்தின் நடுவில் இருப்பது பல நாள் ஈரமாகவே கிடக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசைக்கும் இதே கதிதான், கூடவே சாயமும் கசியும். பி-7000 கரைப்பானும் சில சாயத்தை இழுக்கும். எனவே அதை விளிம்பைச் சுற்றி மட்டும் வையுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் இ6000-உம் இதே மாதிரி கரைப்பான் வகைதான். அதை மூடிய அறையில் பயன்படுத்தவே கூடாது, அதில் இருக்கும் பெர்குளோரோஎத்திலீன் உடம்புக்கு நல்லதல்ல.

துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று யு.வி. ரெசின், அதாவது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பசை. நிறமில்லாமல் இருக்கும், கண்ணாடி வழியாகவே 365 அல்லது 405 நானோமீட்டர் விளக்கு காட்டினால் இறுகிவிடும். ஆனால் ஒளி போகாத இடத்தில் அது இறுகாது. அரக்குச் சிவப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த சுங்குடியில் துணிக்குள் இறங்கிய ரெசின் பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். அதனால் கண்ணாடி வைப்பதற்கு முன்னாலேயே துணியின் இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, தனித்தனியாக வெளிச்சம் காட்டி இறுக வைத்துவிடுங்கள். நம் ஊர் மொட்டைமாடி வெயிலே போதும், விளக்குகூட வேண்டாம். துணி முழுக்க நனைவதால் நிறம் ஒரே சீராக ஆழமாகும், திட்டு விழாது. இறுகாத ரெசினும் தோலுக்கு ஆகாது, அதற்கும் கையுறை.

துணி நனையாமல் பருத்தியின் இயல்பான நிறமே வேண்டுமென்றால் ஓ.சி.ஏ. என்கிற தெளிவான ஒட்டுத்தாள் இருக்கிறது. டிஸ்ப்ளேக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைப்பது. குமிழின் தட்டை அடியில் அதை ஒட்டி, இஸ்திரி போட்ட துணிமேல் அழுத்திவிடலாம். முடிச்சு அவிழ்த்த சுருக்கம் நன்றாக மேடாக இருந்தால் அங்கே காற்று நின்று வெள்ளி போல மினுங்கும். உங்கள் துணியில் எப்படி வருகிறதென்று ஒரு துண்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெற்காவணி பட்டறை:

எங்கள் குடும்பத் தொழில் கல் பதிப்பது. எல்லோரும் பசையைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லைப் பிடிக்க வேண்டியது விளிம்பு. கெம்புக் கல் வைத்த பழைய நகையைப் பாருங்கள். கீழே அரக்கு இருக்கும், மினுக்கத்துக்குத் தகடு இருக்கும். ஆனால் கல்லை வெளியே விடாமல் நிறுத்துவது சுற்றி மடித்த உலோகம். அரக்கு சூட்டில் இளகினாலும் கல் விழாது. பசை கல் ஆடாமல் இருப்பதற்கு, விளிம்பு கல் விழாமல் இருப்பதற்கு. வட்டச் சுவர் குமிழின் தோளைவிட உயரமாக இல்லாத தட்டை வாங்கினால் எந்தப் பசை போட்டாலும் அது பசையை நம்பி நிற்கிற நகைதான்.

தட்டு வாங்கும்போது சுவர் மெல்லிசாகவும் சற்று உயரமாகவும் இருப்பதாகக் கேளுங்கள். வார்ப்புத் தட்டு வேண்டாம், அது மடியாது. கண்ணாடியைப் பசையோடு வைத்து, பசை முழுக்க இறுகிய பிறகு, மழுங்கிய எஃகுக் குச்சியால் எதிரெதிர்ப் பக்கமாக நான்கு இடத்தில் லேசாக அழுத்தி, அப்புறம் சுற்றி வாருங்கள். ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு போனால் கண்ணாடி ஓரம் தெறிக்கும். சுவர் குறுகிய தட்டுகள் ஏற்கெனவே கையில் இருந்தால் நான்கு கொக்கி வைத்துத் தரச் சொல்லி எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். கூலி சற்று ஆகும். விலையை அதற்குத் தகுந்தபடி வையுங்கள். கை முடிச்சுச் சுங்குடி வைத்த டாலர் அந்த விலைக்குத் தகுதியானதுதான்.

மஹால் சுங்குடி:

எல்லோருக்கும் நன்றி. ஆக்சிடைஸ்டு தட்டைத் தேய்த்து ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடியின் அடியையும் தேய்க்க வேண்டுமா அக்கா? தேய்த்தால் துணி மங்கலாகத் தெரியாதா? அப்புறம் வளையல் தோடு?

திருநகர் கண்ணாடி:

முன்பக்கம் துணி தெரிகிற இடத்தில் தேய்க்க வேண்டாம், சுத்தமாகத் துடைத்தாலே போதும். யு.வி. ரெசின் துணியையும் கண்ணாடியையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பட்டறை அண்ணன் சொன்ன விளிம்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அண்ணன் சொன்னதை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன். ஒட்டும் முறை என்று நான் சொன்னதெல்லாம் அந்த விளிம்போடு சேர்ந்தால்தான் பல வருடம் நிற்கும்.

வளையல் தோட்டில் விஷயம் வேறு. வளையல் உருண்டை, திருகின் தட்டு சமதளம். இரண்டும் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும், மீதி இடமெல்லாம் வெறும் பசைதான் நிரம்பி நிற்கும். வளையல் துண்டின் பின்பக்கத்தை வைர அரத்தாலோ ஈர உப்புத்தாளாலோ சமமாக்குங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் தேய்க்க வேண்டும், கண்ணாடித் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. முறிந்த ஓரங்களையும் அப்போதே மழுக்கிவிடுங்கள், காதோரம் கீறும். தேய்த்த சொரசொரப்பு பசைக்கு நல்லது, அங்கே தெளிவு தேவையில்லை.

திருகின் தட்டு 6 மி.மீ. வாங்காமல் 10 மி.மீ. வாங்குங்கள். ஒட்டும் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அங்கேயும் மெதுவான எபாக்சிதான். தோடு போடும்போதும் கழற்றும்போதும் திருகைத்தான் முறுக்குவார்கள், அந்த முறுக்கலுக்கு ஒற்றைச் சொட்டு தாங்காது. தொங்கட்டானாகச் செய்ய விருப்பம் இருந்தால் வளையல் துண்டைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றிக் கொக்கி போட்டுவிடுங்கள், பசையே வேண்டாம்.

விற்பனைக்கு முன்னால் எந்தப் புது முறையையும் நம் ஊர் வெயிலில் விட்டுப் பாருங்கள். ஒன்றை உப்புத் தண்ணீரில் ஓர் இரவு, ஒன்றைத் தேங்காய் எண்ணெயில் ஓர் இரவு, இன்னொன்றை மூடிய டப்பாவில் வைத்து மதியம் முழுக்க மொட்டைமாடியில். மூன்றையும் அப்புறம் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

மஹால் சுங்குடி:

சரி அக்கா. திரும்பி வந்த டாலர்களில் இருந்து துணியைச் சேதமில்லாமல் எடுக்க வழி உண்டா? அந்தப் புள்ளிகள் நன்றாக வந்தவை.

திருநகர் கண்ணாடி:

ஒற்றைச் சொட்டில் ஊறியது அசிட்டோனில் இளகும், ஆனால் சாயமும் சேர்ந்து கசியக்கூடும். ஓரத்தில் இயர் பட்ஸால் தொட்டுப் பார்த்து, பட்ஸில் நிறம் ஏறினால் விட்டுவிடுங்கள். எபாக்சி இறங்கிய துணியை எடுக்க முடியாது. ஆனால் அது ஏற்கெனவே கெட்டியாகித் தகடாக இருக்கிறது. பின்பக்கத்தை லேசாக உப்புத்தாள் போட்டு, தேய்த்துச் சுத்தம் செய்த தட்டில் அப்படியே மறுபடி ஒட்டலாம். புள்ளி வீணாகாது.

செல்போன் சர்வீஸ் தம்பி:

ஓ.சி.ஏ. தாள் பெரிய ஷீட்டாகத்தான் வரும். போன் அளவுக்கு வெட்டிய பிறகு ஓரத்தில் மிஞ்சுவதை எங்கள் கடைகளில் தூக்கித்தான் போடுவோம். 25 மி.மீ. வட்டத்துக்கு அது தாராளமாகப் போதும், பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள்.